பள்ளிக்கூடத்துக்குப் போன போன்

யானை மிதித்துச் செத்தால் குடும்பத்துக்கு எத்தனை லட்சம் என்பது கூடலூரை ஒட்டிய ஓவேலிப் பக்கத்தில் சிலேட்டுப் பிடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பச்சைக் கொழுந்தின் விலைக்கு அடுத்தபடியாக டீக்கடை பெஞ்சில் அதிகம் அலசப்படுகிற விலை அதுதான். கொழுந்தின் விலை வருஷா வருஷம் இறங்கிக்கொண்டே வந்தது. உயிரின் விலை மட்டும் அவ்வப்போது ஏறியது. ஏறுமுகத்தில் இருக்கிற சரக்கு அந்த மலையில் வேறு எதுவும் கிடையாது என்பதால் அதைப் பற்றிப் பேசுவதில் எல்லோருக்கும் ஒரு ருசி இருந்தது.

"உசுரோட இருந்து நாள் பூராக் கிள்ளிக் குடுத்தா, ஈரக் கழிவு, காம்புக் கழிவுன்னு தராசுலயே பாதியத் தின்னுடுறான்," என்பாள் மருதாம்பாள். "செத்தா மட்டும் கழிவே இல்லாம எடை போடுறான். என்னா நியாயம் பாரு."

நிரையில் நின்று கொழுந்து கிள்ளும் பெண்கள் சிரிப்பார்கள். வாசுகியும் சிரிப்பாள். மருதாம்பாள் அவளுக்கு நாத்தனார். புருஷன் சசிதரனுக்கு மூத்தவள். கட்டியவன் குடித்தே போய்ச் சேர்ந்த பிறகு தம்பி வீட்டோடு வந்து ஒண்டியவள் என்று ஊர் சொல்லும். உண்மையில் அந்த வீடுதான் அவளிடம் ஒண்டியிருந்தது. சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள் என்பதால் லயத்து வரிசை வீட்டின் அறையை இன்னமும் காம்பரா என்றுதான் சொல்வார்கள். முன்னால் ஒரு காம்பரா, பின்னால் ஒரு காம்பரா, நடுவில் மருதாம்பாளின் வாய்.

அந்த வாய்க்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. எடை போடும் நேரத்துக்கு ஆட்களைத் திரட்டவும், சாப்பாட்டுக்குக் கூப்பிடவும், சாயங்காலம் வாசுகியின் மகள் பிரியாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைக்கவும் அவள் ஒரு கூவல் போடுவாள். அடித்தொண்டையில் தொடங்கி, மேலே மேலே ஏறி, உச்சியில் கத்தியால் வெட்டினாற்போல நிற்கும். பள்ளத்தின் மறுகரையில் முட்டி அது திரும்பி வருவதற்குள், எட்டாம் வகுப்புப் படிக்கும் பிரியா பையைத் தோளில் மாட்டியிருப்பாள்.

அவர்கள் இருந்த ஏதர்லி எஸ்டேட் படுத்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டீ விலை விழுந்ததும் கம்பெனி முதலில் உரம் போடுவதை நிறுத்தியது. பிறகு செடியை வெட்டிவிடும் கவ்வாத்தை நிறுத்தியது. பிறகு சம்பளத்தை. மானேஜர் லீவில் போனார். அந்த லீவு இன்னும் முடியவில்லை. யானை விரட்டப் பட்டாசும் டார்ச்சுமாகச் சுற்றிக்கொண்டிருந்த வாட்சர்களைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். லயத்துக்கு வரும் கரண்டுக்குக் கம்பெனி பில் கட்டவில்லை என்று மின்வாரிய ஆட்கள் ஒருநாள் வந்து கம்பியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். போக இடமில்லாத ஜனம் மட்டும் அங்கேயே இருந்தது. அவர்கள் செடிகளை நிரை நிரையாகத் தங்களுக்குள் பங்கு வைத்து, கிள்ளின கொழுந்தை ரோட்டில் வந்து நிற்கும் ஏஜென்ட் மனுவேலிடம் போட்டார்கள். மனுவேல் சொன்னது விலை, தராசு காட்டியது எடை, இரண்டிலும் சந்தேகம்.

வெட்டாத தேயிலை மரமாகும் என்பதை அந்த ஜனம் முதன்முறையாகக் கண்ணால் பார்த்தது. இடுப்பளவு நின்ற செடி தலைக்கு மேல் போயிற்று. நடுவில் உண்ணிச்செடி அடைத்துக்கொண்டது. முன்பெல்லாம் அடுத்த மலையில் யானை அசைந்தாலே பச்சை மெத்தைமேல் கறுப்புப் பொத்தான் மாதிரி தெரியும். இப்போது மூன்று நிரை தள்ளி நின்றாலும் தெரியாது. கூட்டமாக வருவதைக்கூடக் கிளை முறியும் சத்தத்தில் கண்டுகொள்ளலாம். தனியாகத் திரியும் ஆண் ஒன்று இருந்தது, ஒத்தையான் என்பார்கள். அது வருவதும் தெரியாது, நிற்பதும் தெரியாது.

வாட்சருக்குப் பதிலாகத்தான் போன் வந்தது. மேல் வளைவில் ஜீப் ஓட்டும் அருண்பிரசாத், யானையைப் பார்த்தாலோ பார்த்தவர் சொல்லக் கேட்டாலோ எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போகிற மாதிரி வாட்ஸப்பில் பேசி அனுப்புவான். "ஒம்பதாம் நம்பர் மலைக்காரங்க மேல ஏறுங்க, ஒத்தையான் ஓடையைத் தாண்டிட்டான்" என்று அவன் குரல் வந்தால் இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு மேட்டிலிருக்கும் வெள்ளைப் பாறைக்கு ஓடவேண்டும். மற்ற புருஷன்மார் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பிழைக்கப் போனபோது போனையும் கொண்டு போனார்கள். சசிதரன் கோயம்புத்தூரில் ஒரு மில்லுக்கு செக்யூரிட்டியாகப் போகும்போது, பழைய போன் ஒன்றை வாங்கி வாசுகியிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஆகவே ஒன்பதாம் நம்பரில் நிற்கும் பெண்களுக்கெல்லாம் காவல், வாசுகியின் ரவிக்கைக்குள் இருந்த அந்தப் போன்தான். ஆனால் காவல்காரனுக்குச் சாப்பாடு போட லயத்தில் கரண்ட் இல்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை கண்ணை மூடிவிடும்.

இந்த இடத்தில்தான் ஜானகி டீச்சர் வியாபாரத்துக்கு வந்தாள்.

மேட்டுப்பாளையம் பக்கத்துக்காரி. கூடலூரில் ரூம் எடுத்துத் தங்கி, தினமும் ஜீப்பில் வந்து போவாள். எஸ்டேட் படுத்த பிறகும் பள்ளிக்கூடம் படுக்காமல் இருந்ததற்குப் பாதிக் காரணம் அவள். பள்ளிக்குப் பெரிய டிவி ஒன்று வந்திருந்தது. அதற்கு நெட் வரவில்லை. டிவிமேல் துணி போர்த்தி, அதன் முன்னால் பூமி உருண்டையை வைத்திருந்தார்கள். டீச்சர் விடவில்லை. ரூமில் உட்கார்ந்து யூடியூபில் பாட வீடியோக்களைத் தேடித் தன் போனில் இறக்கி வருவாள். நெஞ்சுக்குள் ரத்தம் ஓடுவது, கடலுக்கு அடியில் மலை இருப்பது, இங்கிலீஷில் இரண்டு பேர் காய்கறி வாங்குவது. ஒரு போனை முப்பது பிள்ளைகள் எட்டிப் பார்த்தால் முன்வரிசை தலைதான் தெரியும். அவளுக்கு இன்னும் சில போன் தேவைப்பட்டது.

ஒரு மழை நாளில் குடையை வாசலில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மருதாம்பாள் பால் விடாத சாயத்தண்ணி போட்டு, கடித்துக்கொள்ளக் கருப்பட்டித் துண்டும் வைத்தாள்.

"ஏனுங்கக்கா, உங்க ஊட்ல போன் இருக்குதுங்க, கரண்ட் இல்லீங்க. எங்க பள்ளிக்கோடத்துல கரண்ட் இருக்குதுங்க, போன் இல்லீங்க," என்றாள் டீச்சர். "காலையில புள்ளைகிட்டக் குடுத்து உடுங்க. சாயங்காலம் ஃபுல் சார்ஜோட வந்துரும். நடுவால நாங்க ரெண்டு பாடம் பாத்துக்கறோம்."

வாசுகிக்கு அப்போதே சம்மதம். வருஷக் கடைசியில் ஒரு ஸ்காலர்ஷிப் பரீட்சை இருந்தது. தேறினால் பிரியா ஹாஸ்டலில் சேர்ந்து படிக்கலாம், இந்த நிரைக்குள் வந்து நிற்க வேண்டியதில்லை. ஆனால் அவள் பேசுவதற்குள் மருதாம்பாள் பேசினாள்.

"இந்தாங்க டீச்சரம்மா. பகல்ல போனு அங்கிட்டு வந்துட்டா, ஆனை வருதுன்னு எங்களுக்கு யாரு சொல்லுறது? போத்தி வச்சிருக்கீங்களே, அந்த டிவியா?"

டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் யோசித்தாள். பள்ளிக்கூட வராந்தாவில் மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டு அவள் ஞாபகத்துக்கு வந்தது. "மெசேஜு வந்தா உடனே மணி அடிக்கறமுங்க. உடாம அடிக்கறம். ஒம்பதாம் நம்பருக்கு நல்லாவே கேக்கும். உங்க கையில போன் அடிச்சா நீங்க நாலு பேருக்குத்தான் தெரியும். மணி அடிச்சா மலை பூராத் தெரியுமுங்க."

"அடிக்கிறது யாரு?"

"உங்க புள்ளையே அடிக்கட்டும். போனுக்கெல்லாம் அவதான் லீடரு."

மருதாம்பாள் வாசுகியைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். "சார்ஜுக்குப் பாடம், போனுக்கு மணி. தராசு நேராத்தான் நிக்குது," என்று கிளாஸைக் கழுவ எழுந்தாள். "நேரா நிக்கிற தராசைப் பாத்தாத்தான் எனக்குப் பயம்."

மறுநாளிலிருந்து போன் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. அதைப் பார்த்து மற்ற லயங்களிலிருந்தும் நாலைந்து போன்கள் கிளம்பின. காலையில், சிக்னல் கிடைக்கிற சன்னலோரத்துப் பலகைமேல் வரிசையாகச் சார்ஜில் கிடக்கும். பிறகு ஆளுக்கொரு கூட்டமாகப் பிள்ளைகள் எடுத்துவைத்துக்கொண்டு பார்ப்பார்கள். பிரியா வீட்டுக்கு வந்து அத்தைக்கு முழுப்பாடமும் நடத்துவாள். பூமிக்குள்ளே நெருப்புக் குழம்பு கொதிக்கிறது என்று அவள் சொன்னபோது மருதாம்பாள் ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி, "மெதுவாச் சொல்லு. கம்பெனிக்காரன் காதுல விழுந்தா அதையும் குத்தகைக்கு விட்டுருவான்," என்றாள்.

பலாப் பழுத்த காலம். பழத்தின் வாடைக்கு யானைகள் பகலிலேயே இறங்கின. ஒருநாள் பிற்பகல் மணி விடாமல் அடித்தது. பெண்கள் சாக்கை விட்டுவிட்டு வெள்ளைப் பாறைமேல் ஏறி நின்றார்கள். சற்று நேரத்தில், அவர்கள் கிள்ளிக்கொண்டிருந்த அதே நிரை வழியாக ஒத்தையான் போயிற்று. அவசரமில்லாமல், வாடகை வசூலிக்க வந்தவர் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு போவதுபோல. போகிற வழியில், வாசுகிக்குப் பக்கத்து நிரையில் கிள்ளும் சின்னம்மையின் சாக்கைக் காலால் புரட்டிப் பார்த்தது. அது போன பிறகும் வெகுநேரம் யாரும் இறங்கவில்லை. அன்று சாயங்காலம் மணியடித்த பிரியாவுக்கு லயத்தில் ஏகப்பட்ட மரியாதை. சின்னம்மை முட்டை அவித்துக் கொடுத்தாள்.

அதற்கப்புறம் இன்னும் சிலதடவை மணி அடித்தது. ஒவ்வொரு தடவையும் சரியாக இருந்தது. அதில்தான் வினை. முன்பு நிரையில் நிற்கும்போது ஒரு காது எப்போதும் காட்டின் பக்கம் இருக்கும். குருவி சட்டென்று வாயடைத்தால் கை நிற்கும், சாணி வாடை காற்றில் வந்தால் நாலு பேரும் முகத்தைத் தூக்குவார்கள். மணி வந்த பிறகு அந்தக் காது மெல்ல மெல்லத் தூங்கிவிட்டது. மணி அடித்தால் யானை உண்டு என்பதுதான் டீச்சர் போட்ட ஒப்பந்தம். மணி அடிக்காவிட்டால் யானை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. இவர்களாகவே அப்படி எடுத்துக்கொண்டார்கள். விலை பேசாத சரக்கையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தது மாதிரி.

பள்ளிக்கூடத்தில் வேறொரு தொந்தரவு இருந்தது. பாடம் ஓடும்போதெல்லாம் போன்கள் அடித்தன. திருப்பூரிலிருந்து ஒரு புருஷன், சாப்பிட்டாயா என்று. லோன் வேண்டுமா என்று ஒரு பெண். டீச்சர் அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். ஆனால், வசதியில்லாத பள்ளியில் போனை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்று ஒரு மாதிரி வகுப்பைப் படமெடுத்துத் தன் சானலில் போட வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. தெரிந்த ஆசிரியர்களெல்லாம் பார்ப்பார்கள், யாராவது டேப்லெட் வாங்கித் தரவும் கூடும். ஆசையில் தப்பில்லை. தன்னைக் காட்டிக்கொள்வதைவிடப் பிள்ளைகளைக் காட்ட வேண்டும் என்பதுதான் அதில் பெரும்பங்கு.

முந்தின நாளே பிரியா சொல்லிவிட்டாள், நாளைக்குப் படம் பிடிக்கிறாங்க என்று. வாசுகி எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னினாள். பழைய ரிப்பன் சாயம் போயிருந்தது. மருதாம்பாள் தன் தகரப்பெட்டியைத் திறந்து, எப்போதோ திருவிழாவில் வாங்கி வைத்த சிவப்பு ரிப்பனை எடுத்துத் தந்தாள்.

"என்னா மதினி, நீங்க கட்டுறதுக்கா வாங்கினீங்க?" என்றாள் வாசுகி.

"என் சவத்துக்குக் கட்டி விடுவீங்கன்னு வச்சிருந்தேன். இவ கட்டட்டும். ஊரு பூராப் பாக்கப் போவுதுல்ல."

காலையில் பனி இறங்கி மலையை மூடியிருந்தது. சாரலும் இல்லை, வெயிலும் இல்லை. கையை நீட்டினால் விரல் நுனி மங்கும். மருதாம்பாள் ஓடைப் பக்கத்து நிரையைப் பிடித்தாள், அங்கே கொழுந்து நன்றாக இருந்தது. வாசுகியும் சின்னம்மையும் மேலே. ஒருவரையொருவர் பார்க்க முடியாததால் பேச்சும் குறைந்தது. கொழுந்து முறிகிற சத்தமும் படங்கில் செடி உரசுகிற சத்தமும் மட்டும். குருவிச் சத்தம் இல்லை என்பதைப் பின்னால் யோசித்தபோதுதான் வாசுகி கண்டுகொண்டாள்.

அப்போது கீழேயிருந்து அந்தக் கூவல் வந்தது.

வாசுகி தலையைத் தூக்கினாள். பள்ளிக்கூடப் பக்கம் காது போயிற்று. மணி அடிக்கவில்லை. ரொட்டி தின்னக் கூப்பிடுகிறாள், இன்றைக்குப் பசி சீக்கிரம் வந்துவிட்டது மதினிக்கு என்று நினைத்தாள். "வர்றேன், வர்றேன்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, கைக்கெட்டிய கிளையில் இருந்த கொழுந்தை விட மனமில்லாமல் கிள்ளினாள். அடுத்த செடியிலும் கிள்ளினாள். ரொட்டிக்கு அரைத்த தேங்காய்ச் சம்பலுக்குக் காலையில் உப்புப் போட்டோமா என்று ஒரு யோசனை.

பிறகுதான் மணி அடித்தது. சாதாரணமாக அடிக்கிற அடி இல்லை. இரும்பை இரும்பால் உடைக்கப் பார்க்கிற மாதிரி ஒரு அடி, ஓய்வில்லாமல். சின்னம்மை பனிக்குள்ளிருந்து ஓடிவந்து வாசுகியின் கையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் பாறைமேல் ஏறினார்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பனிக்குள்ளிருந்து முளைத்து வந்து ஏறினார்கள். கீழ் நிரையிலிருந்து யாரும் வரவில்லை.

"மருதாம்பா முன்னாடியே கூவுனாளே," என்றாள் சின்னம்மை. "நீ கேக்கல?"

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதை அடிக்கிற கை யாருடையது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

பனி விலகின பிறகு, அருண்பிரசாத்தும் வனத்துறை ஆட்களும் இறங்கிப் போய்ப் பார்த்தார்கள். பெண்களை வரவிடவில்லை. சாக்கு மட்டும் மேலே வந்தது. முக்கால்வாசி நிறைந்திருந்தது. அதை மனுவேல் எடை போடாமலே காசு தருகிறேன் என்றான், வாசுகி வேண்டாம் என்றுவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து ஜானகி டீச்சர் வந்தாள். செருப்பை விட்டவள் உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சசிதரன் கோயம்புத்தூரிலிருந்து வந்தவன் மொட்டைத் தலையோடு சுவரில் சாய்ந்திருந்தான். பிரியா பின் காம்பராவில் இருந்தாள். நடுவில் தடுப்பு ஒரு சேலைதான்.

"அரை மணி நேரந்தானுங்க," என்றாள் டீச்சர். "படம் எடுக்கறப்ப போன் அடிச்சா எல்லாம் கெட்டுப் போயிருமேன்னு, எல்லாத்தையும் ஏரோப்ளேன்ல போட்டுட்டமுங்க. பாடம் முடிஞ்சு எடுத்து உட்டதும் எல்லாப் போனும் ஒண்ணாக் கத்துச்சுங்க. அருணோட மெசேஜு. ஒண்ணு மேல ஒண்ணா. அப்பத்தானுங்க ஓடிப் போயி..."

ஏரோப்ளேன் என்றால் என்ன என்று சசிதரன் கேட்டான். போனுக்கு எந்தச் செய்தியும் வராதபடி அடைத்துவைப்பது என்று அவளே விளக்கினாள். பாடம் நடத்துகிற குரலிலேயே விளக்கினாள். அது அவளுக்கே உறைத்து நிறுத்திக்கொண்டாள்.

"யாரு போட்டது?" என்றாள் வாசுகி.

சேலைக்குப் பின்னால் ஒரு பாத்திரம் நகர்ந்த சத்தம் கேட்டது.

டீச்சர் சேலையைப் பார்த்தாள். பிறகு வாசுகியைப் பார்த்தாள். "நாந்தானுங்க," என்றாள். "ஒவ்வொண்ணா நானே எடுத்துப் போட்டேன்."

போனுக்கெல்லாம் லீடர் யார் என்பது வாசுகிக்குத் தெரியும். டீச்சர் படிப்பைப் பற்றியும் பரீட்சையைப் பற்றியும் அந்த வீட்டில் எத்தனையோ பேசியிருக்கிறாள். அவள் சொன்னதிலெல்லாம் வாசுகி மனதார மதித்தது அந்தப் பொய்யைத்தான்.

டீச்சர் போன பிறகு சசிதரன் எழுந்தான். சும்மா விடப் போவதில்லை, மனு எழுதிப் போடப் போகிறேன், என் அக்காளைக் கொன்றது ஆனை இல்லை, இவள்தான் என்றான். அவன் கத்தவில்லை. செக்யூரிட்டி வேலையில் பழகிய மாதிரி, வந்தவர் பெயரைக் கேட்கிற குரலில் சொன்னான். அதுதான் வாசுகிக்குப் பயமாக இருந்தது.

"மனுப் போட்டா விசாரிக்க வருவாங்க," என்றாள்.

"வரட்டும்."

"வந்து புள்ளைகளைத்தான் வரிசையா நிறுத்திக் கேப்பாங்க. போனை யாரு தொட்டது, யாரு அடைச்சதுன்னு. எந்தப் புள்ள என்னா சொல்லும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

சசிதரன் சேலைத் தடுப்பைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்தான். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. லயத்தில் மற்றவர்கள் தூண்டியபோதும், மனுவேல் வக்கீல் ஒருத்தர் பெயரைச் சொன்னபோதும், வாசுகி எல்லாவற்றையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். ஒன்றே ஒன்றைத்தான் அவள் காவல் காத்தாள். அத்தை சாவுக்கும் தனக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது என்று பிரியா நினைத்துவிடக் கூடாது.

சர்க்கார் பணத்தில் முதல் பாகம் வந்தது. கழிவில்லாமல் வந்தது. அதில் சசிதரன் கூரைமேல் ஒரு சோலார் தகடு வைத்தான். இரண்டு பல்பு எரிந்தது, போனும் வீட்டிலேயே சார்ஜ் ஏறியது. அது இனிப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. அந்தத் தகட்டைத் துடைக்க ஏணி வைத்து ஏறினால், வாசுகி அதைப் பார்க்காமலே துடைத்துவிட்டு இறங்குவாள்.

பிரியா பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். அதிகம் பேசவில்லை, அழவும் இல்லை. சன்னலோரம் உட்கார மாட்டேன் என்கிறாள், சுவர்ப் பக்கமே உட்காருகிறாள் என்று டீச்சர் வழியில் பார்த்தபோது சொன்னாள். குளிர் என்று வாசுகி சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒருநாள் சாயங்காலம் சின்னம்மை தன் ஆட்டைக் கூப்பிட மேட்டில் நின்று நீளமாகக் கூவினாள். பிரியா கையில் இருந்த தட்டு கீழே விழுந்தது. சோற்றை வழித்து எடுக்கும்போது அவள் முகத்தைத் தூக்கவே இல்லை.

ஐப்பசி மழையில் வேலையில்லாத ஒரு நாள். அருண்பிரசாத் ஜீப்பை நிறுத்தி, "அக்கா, நம்ம பிரியா யூடியூப்ல வந்திருக்கா தெரியுமா? எங்க சேட்டன்மாரெல்லாம் பார்த்துட்டாங்க," என்று வாசுகியின் போனை வாங்கித் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். டீச்சர் அன்றைக்குப் பாடம் முடிந்த கையோடு, சன்னலோரம் கிடைக்கிற சிக்னலில் அதை ஏற்ற விட்டிருக்கிறாள். அது ஏறிக்கொண்டிருந்தபோதுதான் மணி அடித்திருக்கிறது. பிறகு அதை அங்கிருந்து நீக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தாலும், அதைத் திறந்து பார்க்கிற தைரியம் அவளுக்கு வந்திருக்காது.

வாசுகி கதவோரத்து வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்த்தாள். சுத்தமாகக் கூட்டிய வகுப்பு. கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள். நடுவில் நடுவில் போன்கள். அதில் ஒன்று இதே போன். எல்லாப் போனிலும் எரிமலை உறுமிக்கொண்டிருந்தது. டீச்சர் அழகாகப் பேசினாள். பின்னால் சன்னல், சன்னல் முழுக்கப் பனி. சிவப்பு ரிப்பனோடு பிரியா முன்வரிசையில் இருந்தாள். பரவாயில்லை, ஊர் பூராப் பார்த்திருக்கிறது மதினி என்று வாசுகி நினைத்தாள்.

பிறகு எரிமலையின் உறுமலுக்கு அடியில், நூல் மாதிரி ஒரு சத்தம் புறப்பட்டது. அடித்தொண்டையில் தொடங்கி, மேலே மேலே ஏறி, உச்சிக்குப் போகாமல் பாதியிலேயே வெட்டுப்பட்டது. மலையில் நின்று கேட்டபோது அது பாதியில் நின்றதை வாசுகி கவனிக்கவில்லை.

வகுப்பில் யாரும் அசையவில்லை. எல்லாத் தலையும் போனில் கவிழ்ந்திருந்தது. ஒரு தலை மட்டும் நிமிர்ந்தது. சிவப்பு ரிப்பன் ஆட, சட்டென்று சன்னல் பக்கம் திரும்பியது. டீச்சரின் கை படத்துக்குள் வந்தது. மோவாயைத் தொட்டு, நோகாமல் திருப்பியது. "இங்க பாரு கண்ணு." பிரியா திரும்பி, போனைப் பார்த்தாள்.

வாசுகி மறுபடி ஓட்டினாள். அதே இடம். அதே தலை. மூன்றாம் முறை ஓட்டும்போது வாசலில் நிழல் விழுந்தது. பிரியா குடையை மடக்காமல் மழையிலேயே நின்றுகொண்டிருந்தாள். எரிமலைச் சத்தம் அவளுக்குத் தெரியும். அடுத்து வரப்போகிற சத்தமும் தெரியும் என்பது அவள் நின்ற நிலையிலேயே இருந்தது. வாசுகி அவசரமாக நிறுத்தப் பார்த்தாள், ஈர விரலுக்குப் போன் பணியவில்லை. கூவல் வந்தது, நின்றது.

"அத்தை சாப்பாட்டுக்குக் கூப்புடுதுன்னு நெனைச்சேம்மா," என்றாள் பிரியா.

வாசுகி மகளைப் பார்த்தாள். இத்தனை நாள் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு நடந்தது ஒரே சுமை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"நானுந்தான்," என்றாள்.

பிரியா உள்ளே வந்து உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் தரையில் போன் கிடந்தது, முழுச் சார்ஜோடு. படம் முடிந்து கணக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் பதினாலாயிரத்துச் சொச்சம். பிடித்திருக்கிறது என்றவர்கள் முன்னூறுக்கு மேல். அதில் எழுதாமல் விட்டதை வாசுகி மனதுக்குள் எழுதிக் கூட்டினாள்: இந்த வீட்டில் கேட்டவர்கள் இரண்டு பேர். எழுந்து போனவர் ஒருவரும் இல்லை.